பின் சீட்டில் உட்காருபவரைக் கேட்டு வண்டி வாங்குங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

தினமும் தனியாக ஓட்டும் வண்டியில் எப்போதாவது டபுள்ஸ் போக வேண்டும், எதை வாங்குவது, இருக்கிற வண்டியை எப்படிச் சரிசெய்வது என்று சென்னை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் தனியாகத்தான் போகிறேன். மாதத்தில் நாலைந்து முறை மனைவியுடன் மயிலாப்பூர், தி.நகர். என் எடை 78 கிலோ, மனைவி 62. 125 சிசி போதுமா, 160 வேண்டுமா?
– வாசகர், வேளச்சேரி

சிசியை அப்புறம் பார்ப்போம். முதலில் எடைக் கணக்கு. 78-ம் 62-ம் 140. ஹெல்மெட் இரண்டும் சேர்த்து இரண்டரை, மூன்று கிலோ. திரும்பி வரும்போது ரங்கநாதன் தெருப் பைகள் நாலைந்து கிலோ. ஆக 148-ஐ நெருங்குகிறீர்கள். வண்டிக்கு அதிகபட்சம் எவ்வளவு ஏற்றலாம் என்பது கையேட்டின் பின்பக்க அட்டவணையில் இருக்கும். ஓட்டுபவரின் எடையும் அதில் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 100 சிசி வண்டிகள் பலவற்றில் அது 130 கிலோவை ஒட்டித்தான் நிற்கிறது. அதைத் தாண்டினால் வண்டி உடனே படுத்துவிடாது. பின் ஷாக் (குலுங்கலைத் தாங்கும் ஸ்பிரிங் தண்டு) அடிவரை இறங்கும், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நீளும், ஸ்போக் வீலாக இருந்தால் கம்பிகள் தளரும். வண்டியின் வயது குறைவதை நீங்கள் இரண்டு வருடம் கழித்துத்தான் உணர்வீர்கள். எனவே ஷோரூமில் கையேட்டை வாங்கி இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

இனி எஞ்சின். 125 சிசி வண்டிகள் பெரும்பாலும் 10.5 முதல் 11.5 குதிரைத்திறன் வரை தருகின்றன, 150–160 சிசி வண்டிகள் 12 முதல் 17 வரை. சென்னை மட்டமான ஊர். மேம்பாலமும் மால்களின் அடித்தள பார்க்கிங்கும் தவிர ஏற்றம் கிடையாது. 40, 50 வேகத்தில் இருவரை இழுக்க 125 தாராளம். அது திணறுகிற இடம் ஓ.எம்.ஆரில் 50-லிருந்து 70-க்கு ஏறி ஒரு பஸ்ஸை முந்தும் நேரம்தான். மாதத்தில் நாலு நாள் வருகிற அந்தத் திணறலுக்காகத் தினமும் கூடுதல் பெட்ரோல் போட வேண்டாமே என்று தோன்றும், நியாயம்தான். ஆனாலும் உங்கள் எடைக்கு 150–160 பக்கம் போகச் சொல்கிறோம். காரணம் எஞ்சின் அல்ல, பிரேக்கும் டயரும். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் 2019 ஏப்ரல் 1 முதல் ஏபிஎஸ் (அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) கட்டாயம். அதற்குக் கீழே சிபிஎஸ் (ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் அமைப்பு) இருந்தால் போதும் என்பதே அன்றைய விதி. பின்னால் ஒருவர் இருக்க, ஈரத் தரையில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் இருவரும் விழுவீர்கள். அந்த ஒரு கணத்துக்காகவே ஏபிஎஸ் வேண்டும்.

எந்த மாடல்? ஹோண்டா யூனிகார்ன் (162.7 சிசி), பஜாஜ் பல்சர் 150-இல் ஒரே நீள சீட் வரும் வகை, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். பின் சீட் நீளமாக, முன் சீட்டோடு கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கிறது. யமஹா எப்.இசட்-எஸ் ஓட்டுபவருக்கு இதமான வண்டி. பின்சீட் கொஞ்சம் குட்டை, மனைவி உட்கார்ந்து பார்த்துச் சரி என்றால் சரி. 125-இல்தான் வாங்குவேன் என்றால் ஷைன், எஸ்.பி. 125 போன்ற ஒரே நீள சீட் வண்டிகள்.

வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின் சக்கரத்தின் அச்சிலிருந்து மேலே நேராக ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்காருபவரின் இடுப்பு அந்தக் கோட்டுக்கு முன்னால் விழ வேண்டும். கோட்டுக்குப் பின்னால் போனால் அவர் எடை முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும், ஹேண்டில் லேசாகி ஆடும். பிறகு மனைவியை ஏற்றி ஒரு டெஸ்ட் ரைடு போங்கள், குறைந்தது இருபது நிமிடம். முழங்கால் இடுப்பை விட உயரமாக மடங்குகிறதா, குதிகால் சைலன்சரில் படுகிறதா, கம்பியைப் பிடித்தால் கை பின்னால் முறுக்கிக்கொள்கிறதா, ஸ்பீட் பிரேக்கரில் தூக்கிப் போடுகிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். தனியாகப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து புக் செய்வதுதான் இந்த விஷயத்தில் நடக்கிற பெரிய தவறு.

அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. புடவை கட்டி ஒரு பக்கமாகத்தான் உட்காருவார். வெள்ளிக்கிழமை கோயில், மாதம் ஒரு முறை டாக்டர். பைக்கா, ஸ்கூட்டரா?
– வாசகி, பெரம்பூர்

பின்னால் உட்காரப்போவது பெரும்பாலும் அம்மாதான் என்றால் ஸ்கூட்டர். ஆக்டிவா, ஜூப்பிட்டர் வகை ஸ்கூட்டர்களின் சீட் தரையிலிருந்து 765 மி.மீ. அளவில் இருக்கிறது, சாதாரண பைக்குகளில் 785 முதல் 800 வரை. இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள், வலிக்கிற முழங்காலுக்கு அது பெரிய வித்தியாசம். செயினும் வெளியே இல்லை, புடவை சிக்கும் பயம் குறைவு.

ஆனால் ஸ்கூட்டரின் சக்கரம் சிறிது. ஆக்டிவாவின் பின்சக்கரம் 10 அங்குலம், ஜூப்பிட்டரில் இரண்டுமே 12. பைக்கில் 17 அல்லது 18. மழைக்காலத்துப் பள்ளத்தில் பெரிய சக்கரம் மேலே உருண்டு போகும், சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி ஏறும். அம்மாவுக்கு முழங்காலோடு முதுகுவலியும் உண்டென்றால் பைக் பக்கமே சாயுங்கள், ஸ்கூட்டர்தான் என்றால் 12 அங்குலச் சக்கரம் உள்ளதாகப் பாருங்கள்.

ஏறுவதுதான் அவருக்குக் கஷ்டம், உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நடைமேடையின் விளிம்பை ஒட்டி, வண்டியின் இடப்பக்கம் நடைமேடைப் பக்கம் வரும்படி நிறுத்துங்கள். அந்தப் பதினைந்து சென்டிமீட்டர் உயரமே அவருக்குப் படிக்கட்டு. சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, இரண்டு காலையும் தரையில் அகல ஊன்றி, முன் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். உங்கள் தோளில் ஒரு கையை வைத்து, முதுகை சீட்டுக்குக் காட்டி, முதலில் உட்காரட்டும். கால் வைப்பது அதற்குப் பிறகு. புட் ரெஸ்ட்டை மிதித்து ஏறினால் அவர் முழு எடையும் இடப்பக்கம் ஒரே இடத்தில் விழுந்து வண்டி சாயும். "உட்கார்ந்துட்டேன்" என்று வாயால் சொன்ன பிறகுதான் வண்டி நகர வேண்டும்.

ஒரு பக்கமாக உட்காருவதைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கால் இரண்டும், உடம்பின் பாரமும் இடப்பக்கம். வண்டி நேராகப் போகவே நீங்கள் வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும், மெதுவாக இடது பக்கம் திரும்பும்போது சட்டென்று சாயும். திடீர் பிரேக்கில் அவருக்குப் பிடிமானம் இடுப்புத் திருகல் மட்டும்தான். சல்வாரில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடிந்தால் அதுவே நல்லது. முடியாதென்றால் பைக்கில் பின் சக்கரத்தை மறைக்கும் சேலை கார்டும் இடப்பக்கம் அகலமான தட்டு புட் ரெஸ்ட்டும் கட்டாயம். முந்தானையை இடுப்பில் சொருகிவிட்டுக் கிளம்புங்கள். துப்பட்டா என்றால் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். பின்னால் பறக்கிற துணி சக்கரத்தில் சுற்றிக்கொள்ள ஒரு நொடி போதும்.

சேலை கார்டைக் கழற்றினால் வண்டி பார்க்க நன்றாக இருக்கிறது. கழற்றலாமா?
– வாசகர், கொளத்தூர்

கூடாது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, இந்த மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி இருந்தாக வேண்டும். அழகுக்காக ஒருவரின் புடவையைச் சக்கரத்துக்குக் கொடுக்காதீர்கள்.

மகன் யமஹா ஆர்15 பைக் கேட்கிறான். வாரத்தில் இரண்டு நாள் தங்கையைக் காலேஜில் விடுவதாகச் சொல்கிறான். சரிவருமா?
– வாசகர், அண்ணா நகர்

எஞ்சினில் குறையில்லை, 155 சிசியில் நல்ல இழுவை. பிரச்சினை அந்தப் பின் சீட். முன் சீட்டிலிருந்து ஒரு படி உயரத்தில், சின்னதாக, முன்பக்கம் சரிந்து இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தங்கை அண்ணன் முதுகில் வந்து விழுவாள், அந்தப் பாரம் தாழ்ந்த ஹேண்டிலைப் பிடித்திருக்கும் அவன் மணிக்கட்டில் இறங்கும். இந்த வகை வண்டிகள் பலவற்றில் பிடிப்பதற்கு உருப்படியான கம்பியும் இருக்காது. அண்ணா நகரிலிருந்து பத்து நிமிடத் தூரம் என்றால் சமாளிக்கலாம். தாம்பரம் பக்கத்துக் காலேஜ் என்றால் வேண்டாம். கடையில் மகளை அந்தச் சீட்டில் பத்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு, அவளிடமே கேளுங்கள்.

ஆறு வருட ஸ்ப்ளெண்டர். தனியாகப் போனால் பட்டுப்போல் போகிறது. இருவர் ஏறினால் ஸ்பீட் பிரேக்கரில் பின்பக்கம் 'டங்' என்று இடிக்கிறது, ராத்திரியில் எதிரே வருபவர்கள் லைட்டைக் குறைக்கச் சொல்லிக் கத்துகிறார்கள்.
– வாசகர், ஆவடி

இரண்டும் ஒரே நோய். பின்னால் உட்காருபவரின் எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேலேயே இறங்குகிறது. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் நிமிர்கிறது, ஹெட்லைட்டும் நிமிர்கிறது.

முதலில் காற்று. முன் டயருக்கு எப்போதும் ஒரே அளவு போதும், பின் டயருக்குத்தான் தனி ஆளுக்கு ஒன்று, இருவருக்கு ஒன்று என்று இரண்டு அளவு உண்டு. செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாருங்கள், உரிந்துபோயிருந்தால் கையேட்டில் இருக்கும். இந்த வித்தியாசம் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் 28-லிருந்து 32 பி.எஸ்.ஐ., சிலவற்றில் 40 வரை போகும். பங்க்கில் "பின்னாடி முப்பது வைப்பா" என்று எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணைச் சொல்வது சரியல்ல. காற்று குறைவாக இருக்க இருவர் ஏறினால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், பள்ளத்தில் ரிம் நேராக அடி வாங்கும், டியூப் டயரில் டியூப் கிள்ளிப் பஞ்சராகும். டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும்.

அடுத்தது ஷாக். உங்கள் வண்டியின் பின் ஷாக் இரண்டிலும் ஸ்பிரிங்குக்குக் கீழே படிபோல் வெட்டிய வளையம் இருக்கும், மொத்தம் ஐந்து படி. டூல் கிட்டில் கொக்கிபோல் ஒரு ஸ்பேனர் உண்டு. கிட் காணாமல் போயிருந்தால் புதுப்பேட்டையில் கிடைக்கும். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, வளையத்தைச் சுற்றியிருக்கும் மண்ணைக் கழுவி, துளி எண்ணெய் விட்டு, ஒவ்வொரு படியாகத் திருப்புங்கள். ஸ்பிரிங் எந்தப் பக்கம் திருப்பினால் நெருங்குகிறதோ அந்தப் பக்கம். இரண்டு ஷாக்கும் ஒரே படியில் நிற்க வேண்டும். ஒன்று இரண்டிலும் மற்றது நான்கிலும் நின்றால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொண்டு ஓடும், அதன் மூட்டில் இருக்கும் புஷ் சீக்கிரம் தேயும்.

எத்தனை படி என்பதை டேப் வைத்தே முடிவு செய்யலாம். சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே சீட் கம்பியில் ஒரு புள்ளிவரை அளந்து எழுதுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து இருவரும் உட்காருங்கள், மூன்றாவது ஆள் அதே இடத்தை அளக்கட்டும். வித்தியாசம் 30, 35 மி.மீ. என்றால் சரியான அமைப்பு. 45-ஐத் தாண்டினால் ஒரு படி ஏற்றுங்கள். ஐந்தாவது படியிலும் தாண்டினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, ஷாக் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். படியைக் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஸ்பிரிங் அதேதான். தாழ்ந்துபோன பின்பக்கத்தை மேலே தூக்கி, பள்ளத்தில் இறங்க மிச்ச இடம் வைக்கிறது, அவ்வளவே. குலுங்கலை அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெயின் வேலை. சீட்டை அழுத்தி விட்டால் வண்டி ஒரு தரம் எழுந்து நிற்க வேண்டும். மூன்று, நான்கு தரம் ஆடினாலோ ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ படி திருப்பிப் பயனில்லை.

செயினையும் விடாதீர்கள். இருவர் ஏறி ஸ்விங் ஆர்ம் மேலே போகும்போது செயின் இறுகும். ஆளில்லாமல் நிற்கும் வண்டியில் மெக்கானிக் விறைப்பாக வைத்துவிட்டால் டபுள்ஸ் போகும்போது அது கம்பிபோல் இறுகி, கியர் பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். சாதாரண வண்டிகளில் கீழ்ச் செயினின் நடுவே மேலும் கீழுமாக 20–30 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். வைத்த பிறகு இருவரும் உட்கார்ந்து, அப்போதும் கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் லைட் எதிரே கண்ணைக் கூசினால் ஹெட்லைட்டின் போல்ட்டைத் தளர்த்தி ஒரு விரல் கீழே இறக்குங்கள்.

டபுள்ஸ் போகும்போது மட்டும் கிளட்ச் கருகும் வாசனை. பிளேட் மாற்றி நாலு மாதம்தான் ஆகிறது.
– வாசகர், போரூர்

நெரிசலான ஆற்காடு சாலையில் ஊர்ந்து போகிறீர்கள், பாதிக் கிளட்சைப் பிடித்தபடி. இருவர் எடையில் அந்த உரசல் இரட்டிப்பாகத் தாக்கும். வண்டி ஊரும்போது முதல் கியரில் கிளட்சை முழுவதும் விட்டு ஓட்டுங்கள், விட்டால் திக்குகிறது என்றால் நின்று, முன் வண்டி பத்தடி போனபிறகு நகருங்கள். சிக்னலில் நியூட்ரல். இரண்டாவது கியரில் கிளம்பும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், கிளட்சைத் தின்பது அதுதான்.

லீவரின் நுனியில் 10–20 மி.மீ. வெற்று ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டமே இல்லாமல் கேபிள் இறுகியிருந்தால் கிளட்ச் முழுவதும் ஒட்டாது, புதுப் பிளேட்டும் நாலு மாதத்தில் போகும். கார் எஞ்சின் ஆயில் ஊற்றியிருந்தால் அதுவும் காரணமாகலாம். பைக்கில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருப்பதால், வழவழப்பைக் கூட்டும் கார் ஆயிலில் பிளேட் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. (JASO MA) அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும்.

மூன்றரை வயதுக் குழந்தையை நடுவில் வைத்து மனைவியும் நானும் போகலாமா? பெல்ட் வாங்கச் சொல்கிறார்களே?
– வாசகர், மடிப்பாக்கம்

மோட்டார் வாகனச் சட்டம் 128-ஆவது பிரிவு ஓட்டுபவரோடு கூட ஒருவர் என்றுதான் சொல்கிறது. குழந்தையும் ஒருவர்தான். நடுவில் நசுங்கி உட்காரும் குழந்தைக்குப் பிடிமானமும் இல்லை, பிரேக் பிடித்தால் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே மாட்டும் உடம்பு அதனுடையது. மூவரும் போக வேண்டிய நாளில் பஸ், ஆட்டோ.

நீங்களும் குழந்தையும் மட்டும் என்றால்: ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும் என்று 2022 பிப்ரவரி 15-இல் விதி அறிவிக்கப்பட்டு, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. பட்டை 30 கிலோ வரை தாங்குவதாக, நைலானும் அடர்த்தியான ஃபோமும் வைத்துத் தைத்ததாக இருக்க வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பட்டையின் தோள்வார் இரண்டும் உங்கள் தோளில் விழ வேண்டும். இடுப்பில் மட்டும் சுற்றுகிற மலிவு பெல்ட் தூங்கிச் சரியும் குழந்தையைத் தாங்காது. பெரியவர் ஹெல்மெட்டைக் குழந்தைக்குப் போடாதீர்கள், அந்த எடையைப் பிஞ்சுக் கழுத்து தாங்காது.

நாலு வயதைத் தாண்டியவர் யாராக இருந்தாலும், பின்னால் உட்காருபவருக்கும் ஐ.எஸ். 4151 முத்திரை உள்ள ஹெல்மெட் கட்டாயம். இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத்தைவிட முக்கியம், தாடைப் பட்டையை மாட்டுவது. மாட்டாத ஹெல்மெட் தலைக்கு முன்னால் ரோட்டில் விழும்.

நண்பரைப் பின்னால் ஏற்றிச் செல்லும்போது விபத்து நடந்தால் என் இன்ஷூரன்ஸ் அவருக்குக் கொடுக்குமா?
– வாசகர், குரோம்பேட்டை

உங்களிடம் இருப்பது எந்தப் பாலிசி என்பதைப் பொறுத்தது. தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கானது) மட்டும் என்றால், கட்டணமின்றிப் பின்னால் வருபவருக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லியிருக்கிறது. நஷ்டஈட்டுப் பாரம் உங்கள் தலையில் விழும். சொந்த வண்டிச் சேதமும் சேர்ந்த முழு பேக்கேஜ் பாலிசியில் பின்னால் உட்காருபவரும் அடங்குவார் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் தெளிவுபடுத்தியது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம். கூட வருகிற சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஒரு வருடம்தான். "ஐந்து வருடத்துக்கு இருக்கிறதே" என்று அதைப் புதுப்பிக்காமல் விட்டால், இரண்டாம் வருடம் முதல் கையில் மிஞ்சுவது வெறும் தேர்ட் பார்ட்டி. தவிர, கட்டாயமாக வரும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு ஓட்டும் உரிமையாளருக்கு மட்டும். பின்னால் உட்காருபவருக்கான விபத்துக் காப்பீட்டைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஏஜெண்ட் தானாகச் சொல்வது அரிது.

வருடத்தில் நாலைந்து முறை மனைவியோடு திருவண்ணாமலை, பாண்டி, ஏலகிரி. கிளாசிக் 350 எடுக்கலாம் என்றிருக்கிறேன்.
– வாசகர், அம்பத்தூர்

திருவண்ணாமலை 190 கிலோமீட்டர், பாண்டி 150. 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்ட 349 சிசி எஞ்சின் இருவரோடு 80-இல் அலுக்காமல் போகும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில் ஏறும். நெடுஞ்சாலைக்கு அது நல்ல தேர்வு. வருடத்தின் மற்ற முன்னூற்றைம்பது நாளை யோசியுங்கள். 195 கிலோ வண்டியோடு நீங்கள் இருவரும் ஏறினால் 330-ஐத் தாண்டும். பாடி சந்திப்பில் நின்று நின்று நகரும்போது அவ்வளவையும் கால்தான் தாங்க வேண்டும். உங்கள் இரண்டு பாதமும் தரையில் முழுவதும் பதிகிறதா என்று பாருங்கள். பதியவில்லை என்றால் 765 மி.மீ. சீட் உள்ள மீட்டியோர் 350-ஐப் பாருங்கள். மனைவிக்கு முதுகுச் சாய்வும் அதில் கிடைக்கும்.

ஒற்றை சீட் வண்டியை வாங்கிப் பிறகு பின் சீட் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், ஆர்.சி.யில் எத்தனை பேர் என்று பதிவாகியிருக்கிறது எனப் பாருங்கள். ஜாவா பெராக் போன்றவை கம்பெனியிலிருந்தே ஒருவருக்காக மட்டும் வந்தவை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் தைத்துவிடுவார்கள், ஆனால் சட்டப்படி இரண்டு பேர் வண்டி ஆகிவிடாது.

நீண்ட பயணத்தில் பின்பெட்டி மாட்டுவதானால், கனமான பொருளை அதில் வைக்காதீர்கள். பெட்டி பின் அச்சுக்கு வெளியே தொங்குவதால் ஐந்து கிலோவே ஹேண்டிலை ஆட்டும். தண்ணீர் பாட்டில், டூல் எல்லாம் பக்கப் பையில், முடிந்தவரை தாழ்வாக. மணிக்கொரு முறை நின்று மனைவி இறங்கி நடக்கட்டும்.

பழைய வண்டி வாங்குகிறேன். டபுள்ஸுக்கு ஏற்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மாதவரம்

சென்டர் ஸ்டாண்டில் போட்டு பின் சக்கரத்தை இரு கையால் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது வீல் பேரிங் போயிருக்கிறது. சீட்டைக் கழற்றி, பின் கைப்பிடி பிரேமில் சேரும் இடத்தையும் பின் புட் ரெஸ்ட்டின் வெல்டிங்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசலோ, புதுப் பெயின்டு தனியாகத் தெரிந்தாலோ அந்த வண்டி சுமை தூக்கிப் பழகியது. தண்ணீர் கேன், சிலிண்டர் ஏற்றிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். ஸ்போக் கம்பிகளை ஸ்பேனரால் தட்டுங்கள், மந்தமான சத்தம் தருபவை தளர்ந்தவை.

பின் டயரின் பக்கத்தில் அளவுக்குப் பிறகு ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும், 54பி என்பதுபோல. அந்த எண் சுமைக் குறியீடு: 47 என்றால் 175 கிலோ, 49 என்றால் 185, 54 என்றால் 212, 57 என்றால் 230. பழைய வண்டியில் விலை குறைவென்று குறைந்த குறியீட்டு டயரை யாராவது மாட்டியிருக்கலாம். கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே இருந்தால் பேரத்தில் புது டயர் விலையைக் கழியுங்கள். கடைசியில், வாங்கப்போகும் நீங்களும் இன்னொருவரும் ஏறி ஒரு ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டிப் பாருங்கள். தனியாக ஓட்டினால் இந்தக் குறைகளில் பாதி தெரியாது.

மழையில் கத்திப்பாரா மேம்பாலத்தில் மனைவியோடு போகப் பயமாக இருக்கிறது.
– வாசகர், ஆலந்தூர்

வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் வேண்டாம். பின்னால் இருப்பவர் உங்கள் உடம்போடு ஒட்டிச் சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி வளையாமல் வெளியே போகும். வளைவு எந்தப் பக்கமோ உங்கள் அந்தப் பக்கத்துத் தோளுக்கு மேலாகப் பார்க்கச் சொல்லுங்கள், உடம்பு தானாகச் சரியாகச் சாயும். பின்னால் ஆள் இருக்கும்போது பின் பிரேக்குக்கு வழக்கத்தைவிடப் பிடி அதிகம், எனவே இரண்டையும் சேர்த்து மெதுவாக அழுத்துங்கள். தண்ணீரில் இறங்கி ஏறிய டிரம் பிரேக் சற்று நேரம் பிடிக்காது. பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து, லேசாக மிதித்தபடி ஐம்பதடி ஓட்டினால் காய்ந்துவிடும்.

டபுள்ஸுக்காகக் காற்று கூட்டினால் மறுநாள் தனியாகப் போகும்போது குறைக்க வேண்டுமா?
– வாசகி, திருவான்மியூர்

வித்தியாசம் நாலு பி.எஸ்.ஐ. அளவில் என்றால் ஓரிரு நாள் அப்படியே ஓட்டலாம். பத்து, பன்னிரண்டு என்றால் குறைத்துவிடுங்கள். கூடுதல் காற்றில் டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையில் படும், ஈரத்தில் பின்பக்கம் வழுக்கும். வீட்டில் ஒரு காலால் மிதிக்கும் பம்பும் காற்று அளக்கும் கேஜும் இருந்தால் காலையில் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, இரண்டு நிமிடத்தில் முடியும்.